ஏழாவது குழிக்கு மேலே நின்ற பந்து

பங்குனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, வல்லக்குளம் கோல்ஃப் கிளப்பின் ஏழாவது குழியை நோக்கித் தங்கபுஷ்பம் அடித்த பந்து, எல்லாப் பந்துகளையும் போலவே மேலே போய், எல்லாப் பந்துகளையும் போலவே வளைந்து, கீழே இறங்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, இரண்டு பனைமர உயரத்தில், இறங்காமல் நின்றுகொண்டது.

தங்கபுஷ்பம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். அவளுடைய அடிகளை அட்டையில் குறிப்பதற்காகக் கூடவே வந்த கிளப் செயலாளர் கோதண்டராமனும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பந்து நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

“வரும்மா, கொஞ்சம் பொறுங்க” என்றார் கோதண்டராமன்.

“பொறுத்துதானே ஸார் நிக்கேன்” என்றாள் தங்கபுஷ்பம்.

வல்லக்குளம் கிளப்பைப் பார்க்காதவர்கள் பச்சைப்பசேல் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கரிசல் காட்டுக்கு நடுவே, உடைமரமும் கள்ளியும் தவிர வேறொன்றும் முளைக்க விரும்பாத மேட்டில், முன்னொரு காலத்தில் நூற்பாலை மேலாளர் ஒருவர் பொழுது போகாமல் பதினெட்டுக் குழி தோண்டி வைத்துவிட்டுப் போன இடம் அது. புல் என்ற பேச்சே கிடையாது. குழியைச் சுற்றி வட்டமாக மணலையும் பழைய எஞ்சின் ஆயிலையும் கலந்து மெழுகியிருப்பார்கள், அதற்குப் பெயர் பிரவுன். உறுப்பினர்கள் ஆளுக்கொரு சாண் பச்சைப் பிளாஸ்டிக் பாயை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போய், போகிற இடத்தில் அதை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் பந்து கிடந்தால் புழுக்கையைக் கையால் பொறுக்கிவிட்டு அடிக்கலாம், அதற்காகக் கணக்கில் தண்டனை அடி ஏறாது என்று கிளப் சுவரில் தொங்கும் பலகையில் நான்காவது விதியாக எழுதியிருக்கிறது.

ஆனால் அந்தப் பலகையில் முதலாவதாக இருப்பது சாக்கு விதி. பிரவுனில் கடைசியாகப் பந்தைக் குழிக்குள் தள்ளியவர், ஓரத்தில் கிடக்கும் கயிறு கட்டிய கோணிச்சாக்கை எடுத்து, வட்டம் முழுக்க இழுத்து, காலடித் தடங்களை அழித்து, அடுத்து வருபவருக்கு மணலைச் சமமாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஆலை முதலாளியானாலும் டாக்டரானாலும் அவரே இழுக்க வேண்டும், ஆளை விட்டு இழுக்கக் கூடாது. உறுப்பினர் அல்லாதவர்கள் அந்தக் கயிற்றைத் தொடவே கூடாது. தப்புத்தண்டா இல்லாமல் சாக்கு இழுக்கிறவர் என்று சொன்னால் வல்லக்குளத்தில் அது பெண் கொடுக்கலாம் என்று சொன்ன மாதிரி.

தங்கபுஷ்பம் இருபத்திரண்டு வருஷமாகத் துணை உறுப்பினர். பஞ்சு வியாபாரி ஜெயக்கொடியின் மனைவி என்பதால் அவளுக்குப் பந்தடிக்க உரிமை இருந்தது, வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிக்க உரிமை இருந்தது, சாக்கு இழுக்க உரிமை இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஜெயக்கொடி சாக்கு இழுக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு பிரவுனுக்கு வெளியே நின்றாள். போன பங்குனியில் ஜெயக்கொடி செத்துப்போனார். விதிப்படி உறுப்பினர் இறந்தால் மனைவிக்கு ஒரு வருஷம் தவணை. அதற்குள் செயலாளர் முன்னிலையில் பதினெட்டுக் குழியையும் நூற்றிருபது அடிக்குள் முடித்துக் காட்டினால் அவளே முழு உறுப்பினர், முடிக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே. கார்த்திகையில் ஆடிப் பார்த்தபோது நூற்றி முப்பத்தொன்று அடித்தாள். தையில் நூற்றி இருபத்தாறு. அந்த ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைவதோடு தவணை முடிகிறது. ஐம்பத்தாறு வயதில், இந்த ஒரு மேட்டில் மட்டும்தான் அவள் யாருக்கும் எதையும் ஆக்கிப் போடாமல் கையை வீசி நடந்திருக்கிறாள், அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அன்று ஆறு குழிக்கு முப்பத்தேழு அடி என்று நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் பந்து இப்படிச் செய்தது.

பத்து மணிக்குக் கமிட்டி கூடியது, பந்துக்கு நேர் கீழேயே கூடியது. அது ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் வல்லக்குளம் கமிட்டி காரணங்களில் அக்கறை கொண்ட கமிட்டி அல்ல, விதிகளில் அக்கறை கொண்ட கமிட்டி. பந்து தொலைந்துபோனதாகக் கொள்ளலாமா என்றார் பொருளாளர். கண்ணுக்கு எதிரே நிற்கிற பந்தை எப்படித் தொலைந்தது என்பது என்றார் டாக்டர். ஆட முடியாத இடத்தில் கிடப்பதாகக் கொள்ளலாமா என்றால், கிடந்தால்தானே. கடைசியில் கோதண்டராமன் விதிப் புத்தகத்தை மூடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“பந்து சுத்திக்கிட்டிருக்கு. சுத்துற பந்து ஓடுற பந்து. பந்து ஓடுற வரைக்கும் அடி முடியலை, அடி முடியாத வரைக்கும் ஆட்டம் முடியலை. ஆட்டம் தவணைக்குள்ள ஆரம்பிச்சாச்சு, அதனால தவணையும் அங்கயே நிக்கும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்த பிறகுதான் டாக்டர், ஆட்டம் நடக்கும்போது ஆடுகிறவர் இடத்தை விட்டுப் போகக் கூடாதே என்று நினைவுபடுத்தினார். வெளிச்சம் போனால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் விடிந்ததும் இங்கே வந்து நிற்க வேண்டும். தங்கபுஷ்பம் சரி என்றாள்.

“அவங்க மட்டுமில்ல, அடியைக் குறிக்கிறவரும் இருக்கணும்” என்றார் டாக்டர்.

கோதண்டராமன் தன் தீர்ப்பில் தானே மாட்டிக்கொண்டதை அப்போதுதான் கண்டார். ஆலையில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்தவர், சொன்ன சொல்லை மாற்றினால் மெஷின் கெட்டுவிடும் என்று நம்புகிறவர். அதனால் பேசாமல் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பிறகு யோசித்து இரண்டு நாற்காலி என்றார்.

அப்படித்தான் தங்கபுஷ்பமும் கோதண்டராமனும் சித்திரை வெயில் முழுக்க ஏழாவது குழிக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்தார்கள், அவர்களைத் தாண்டி மற்றவர்கள் ஆடிக்கொண்டு போனார்கள், போகிறபோது பந்தை அண்ணாந்து பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள், மதியம் பன்னிரண்டுக்குப் பிரவுனின்மேல் விழும் அதன் நிழலை, பொட்டு அளவே உள்ள அந்த நிழலை, மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள். பலகையில் பதினான்காவது விதி ஏறியது. மேலே நிற்கும் பந்தின்மேல் இன்னொருவர் பந்து பட்டால் திரும்ப அடிக்கலாம். மூன்றாவது நாள் ஒரு காக்கை அதன்மேல் உட்காரப் பார்த்து, பந்து சுற்றுவதால் கால் நிற்காமல், வெட்கப்பட்டுப் போனது. ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் எட்டாம் நாளிலிருந்து “பந்து ஸ்டாப் எறங்கு” என்று குரல் கொடுத்தார். செய்தித்தாளிலிருந்து வந்து ஒருவர் போட்டோ பிடித்தார், ஆனால் அச்சாபீசில் அதைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று நினைத்துச் சுத்தம் செய்துவிட்டதால், மறுநாள் பேப்பரில் வெறும் வானம்தான் வந்தது. வேலிக்கு வெளியே ஒரு டீக்கடை முளைத்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சந்திக்க அதைவிட வசதியான இடம் இல்லை என்று தரகர்கள் கண்டுகொண்டார்கள், பேச்சு தடுமாறினால் எல்லோரும் கொஞ்ச நேரம் பந்தைப் பார்க்கலாம் அல்லவா. கோதண்டராமனின் வீட்டம்மா தூக்குவாளியில் சோற்றோடு ஒரு சீட்டும் அனுப்புவார். முதல் வாரம் “இன்றைக்காவது விழுமா?” என்று இருந்தது. மூன்றாவது வாரம் “ஒன்றும் அவசரமில்லை, நிதானமாக வரட்டும்” என்று இருந்தது. அதைக் கோதண்டராமன் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த முள் வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது.

மாடக்கண்ணு என்று பெயர். அவளைவிட நாலைந்து வயது மூத்தவன். ஒரு காலத்தில் கிளப்பில் உறுப்பினர்களின் பை தூக்கியவன், ஜெயக்கொடியின் பையை மட்டும் பதினோரு வருஷம் தூக்கியவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில், இதே ஏழாவது குழியில், ஜெயக்கொடி வாழ்நாளில் அடித்ததிலேயே நல்ல அடியை அடித்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது, சூரியன் கண்ணைக் கூச வைத்ததால் பந்தை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவன் முன்னால் போய்ப் பிரவுன் ஓரத்தில் நின்ற மாடக்கண்ணு ஒருவன்தான். பந்து எங்கே என்று கேட்டதற்கு அவன், “மேல போச்சு மொதலாளி, வரலை” என்றான். பந்து தொலைந்ததாக எழுதினார்கள், கோப்பை கைவிட்டுப் போனது, பந்தைத் திருடியதோடு கேலியும் பேசுகிறான் என்று ஜெயக்கொடி கத்த, அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள். தங்கபுஷ்பம் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அவன் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்துக்கூட விட்டாள்.

இந்தப் பந்து நின்ற அன்று, வேலிக்கு வெளியிலிருந்து மாடக்கண்ணு அண்ணாந்து பார்த்துவிட்டு, “அன்னைக்கும் இப்பிடித்தாம்யா” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். கோதண்டராமன் காதில் விழாத மாதிரி புத்தகத்தைப் புரட்டினார். தங்கபுஷ்பமும் பாயைச் சுருட்டுகிற பாவனையில் குனிந்துகொண்டாள். செத்தவரைக் குற்றம் சொன்னதாகிவிடுமே என்று மனசுக்குள் சமாதானம் சொன்னாள். ஆனால் உண்மையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முப்பத்தெட்டாவது நாள் காலை பத்து மணிக்கு, பிரவுனில் டொக்கென்று சத்தம் கேட்டது.

குழிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் ஒரு பந்து கிடந்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் வேலி ஓரத்துக்கு ஓடிவந்தார்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சரவெடியை யாரோ கொளுத்தினார்கள், கோதண்டராமன் முப்பத்தெட்டு நாளாகப் பையில் வைத்திருந்த அட்டையை எடுத்தார். தங்கபுஷ்பம் பிரவுனில் தட்டுவதற்கென்று உள்ள பட்டர் மட்டையை எடுத்துக்கொண்டு பந்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

பந்து பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதன் வயிற்றில் முக்கோணமாக மூன்று பச்சைப் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளை வைத்தவளே அவள்தான். ஜெயக்கொடிக்குப் பொடி வேலைக்குப் பொறுமை இல்லை என்று, சனிக்கிழமை தோறும் துணியில் பூப்போடுகிற பெயின்டை எடுத்து அவர் பந்துகளுக்கெல்லாம் அவள்தான் அடையாளம் வைப்பாள். தன் பந்துக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. கணவருடையது பலமான கை, அதனால் பந்து இன்னும் மேலே போய், திரும்பி வர ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

“உங்க பந்துதானேம்மா?” என்று கோதண்டராமன் பிரவுனுக்கு வெளியிலிருந்து கேட்டார். அது அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், அங்கிருந்து அவருக்கு அடையாளப் புள்ளி தெரியாது.

லேசாகத் தட்டி, குழிக்குள் விழுந்ததை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. ஏழாவது குழிக்கு இரண்டே அடி. அதற்குமேல் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் நூற்றிருபதைத் தாண்டாது. முப்பத்தெட்டு நாள் வெயில் தின்றதற்கு அது தப்பே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது, அதை மறைக்க வேண்டியதில்லை. மட்டையைக்கூடப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அப்போது எதற்கோ வேலிப் பக்கம் பார்த்தாள்.

அத்தனை பேரும் பிரவுனில் கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மாடக்கண்ணு மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்த இடத்தில், சூரியனுக்கு ஒரு முழம் தள்ளி, அவளுடைய பந்து இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவன் அவளைப் பார்த்தான், திரும்ப மேலே பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னதற்கு ஒரு தடவை கிடைத்ததே அவனுக்குப் போதும் போலிருந்தது.

“என் பந்து இல்ல ஸார்” என்றாள் தங்கபுஷ்பம். “இது அவரோடது. அன்னைக்குத் தொலைஞ்சதுன்னு எழுதினோமே, அது.”

சரவெடி கொளுத்தியவர் மிச்சத்தைக் காலால் மிதித்து அணைத்தார். அவள் பந்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள், கூட்டம் விலகி வழி விட்டது, இருபது வருஷமாக “ஏ மாடக்கண்ணு” என்று கூப்பிட்ட வாயால் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீங்க சொன்னது நெசம். நான் அன்னைக்குச் சிரிச்சேன். தப்பு.”

மாடக்கண்ணு பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று புள்ளிகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

“வரும்னு தெரியும் தாயி. எப்பன்னுதான் தெரியலை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இதுக்காகத்தான் நான் இந்தப் பக்கமே மேய்ச்சேன்” என்றார்.

கோதண்டராமன் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வேகமாக வந்தார். ஓடுகிற பந்துக்கு ஆட்டம் முடியாது என்றால், ஜெயக்கொடியின் ஆட்டமும் ஒன்பது வருஷமாக முடியவில்லை, ஆட்டத்தின் நடுவில் இருக்கிறவரின் உறுப்பினர் உரிமை எப்படிப் போகும், அது போகாதபோது அவர் மனைவியின் உரிமை எப்படிப் போகும். “நீங்க பழையபடியே துணை உறுப்பினர்மா. அட்டையும் வேண்டாம், அடியும் வேண்டாம். நாம வீட்டுக்குப் போகலாம்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.

“பழையபடின்னா, சாக்கு இழுக்கலாமா ஸார்?”

“அது எப்படிம்மா, துணை உறுப்பினர்...”

“அப்ப அவர் ஆட்டம் அவரோட இருக்கட்டும். நான் என் பந்துக்குக் காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கோதண்டராமன் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மத்தியானமே மாடக்கண்ணுவின் பெயரைக் கமிட்டி திரும்பப் பை தூக்குகிறவர்களின் பலகையில் எழுதியது. அவர் ஆடுகளைத் தம்பி மகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, தங்கபுஷ்பத்தின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கமிட்டி போட்டுக் கொடுத்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் உண்மையைச் சொன்ன அந்த நொடியிலேயே அவள் பந்தும் இறங்கிக் குழிக்குள் விழுந்தது என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் வல்லக்குளத்துக்கு வந்ததே இல்லை. பந்து அப்படியெல்லாம் செய்யாது. அது மேலும் நான்கு நாள் நின்றது. நாற்பத்திரண்டாவது நாள், காற்று கிளம்பிய ஒரு காலைப் பொழுதில், கோதண்டராமன் தமக்குச் சர்க்கரை இறங்கிவிட்ட கதையை மாடக்கண்ணுவிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், பிரவுனைத் தாண்டி, உடைமரத்தைத் தாண்டி, பள்ளத்துக்குள், மாடக்கண்ணுவின் ஆடுகள் விடிய விடிய அடைந்து கிடந்த இடத்தில் பொத்தென்று விழுந்தது.

தங்கபுஷ்பம் ஓடிப் போய்ப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு. சுற்றிலும் புழுக்கை.

“உங்க பந்துதானேம்மா?”

“என் பந்துதான் ஸார்” என்றாள். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

நான்காவது விதிப்படி மண்டியிட்டுப் புழுக்கைகளைப் பொறுக்கினாள். “எங்க ஆட்டோடதுதான் தாயி” என்று மாடக்கண்ணு சங்கடத்தோடு தாமும் உட்கார்ந்து பொறுக்கினார். பள்ளத்திலிருந்து பந்தை மேலே கொண்டுவர நான்கு அடி, உடைமரத்தின் வேருக்குள் மாட்டியதில் இரண்டு, பிரவுனில் இரண்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் நாற்பத்திரண்டு நாள் நீடித்த அந்த முதல் அடி. மொத்தம் ஒன்பது. வேறு யாராவதாக இருந்தால் மட்டையை உடைத்திருப்பார்கள். கோதண்டராமன் எழுதும்போது வருத்தப்பட்டார். அவளுக்கு வருத்தம் இல்லை, ஆனால் பயம் வந்தது, ஏனென்றால் இனி பதினொரு குழிக்கு எழுபத்து நாலு அடிதான் மிச்சம்.

ஊரே பின்னால் வந்தது. அது நாள்வரை வேலியைத் தாண்டாத டீக்கடைக்காரர், தரகர்கள், கண்டக்டர், முதல் தடவையாக அந்தப் பக்கம் வந்த கோதண்டராமனின் வீட்டம்மா என்று எல்லோரும் குழிக்குக் குழி நடந்தார்கள். எந்தப் பந்தும் மேலே தங்கவில்லை. மாடக்கண்ணு மட்டையை எடுத்துக் கொடுத்து, “சூரியனைப் பாக்காதீக தாயி, மண்ணைப் பாத்து அடிங்க” என்பார், அவள் மண்ணைப் பார்த்து அடித்தாள். பதினெட்டாவது பிரவுனில் அவள் நின்றபோது கோதண்டராமனின் அட்டையில் நூற்றிப் பதினெட்டு இருந்தது, குழிக்கும் பந்துக்கும் நடுவே நான்கு முழம் இருந்தது. அவள் தட்டினாள். பந்து ஆயில் மணலில் மெல்லக் கோடு போட்டுக்கொண்டு போய், விளிம்பில் ஒரு கணம் யோசித்து, விழுந்தது.

“நூத்திப் பத்தொம்பது” என்று கோதண்டராமன் கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் சாக்குக் கயிற்றை எடுக்கக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரவுனுக்கு வெளியே போய் நின்றார்.

தங்கபுஷ்பம் கயிற்றை எடுத்தாள். நினைத்ததைவிடச் சாக்கு கனமாக இருந்தது. குழியிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள், கோதண்டராமனின் ஷூ தடம் அழிந்தது, மாடக்கண்ணுவின் வெறுங்கால் தடம் அழிந்தது, கடைசியில் அவளுடைய தடமும் அழிந்தது, மணல் விடிகாலையில் இருப்பது போல யாரும் கால் வைக்காததாக ஆனது.

மாடக்கண்ணு தலையைச் சாய்த்து வட்டத்தைப் பார்த்தார். முப்பது பேர் முன்னிலையில், ஜெயக்கொடி சாக்கு இழுக்கும்போதெல்லாம் சொல்லிவந்த அதே குரலில் சொன்னார்.

“அந்த வடவோரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு தாயி.”

விட்டுப்போகவில்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, தங்கபுஷ்பம் முதலிலிருந்து இழுத்தாள்.